சாம்பிள் பையில் வந்த சாவி

ஆம்பூர்
7 மே 2026, வியாழன்

பிரேம்நாத் அவர்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. மூன்று வாரமாக உங்கள் போனை எடுக்காதவள் கடிதத்தில் மட்டும் எதற்கு நலம் விசாரிக்க வேண்டும்? இது ஆபீஸ் விஷயம். வியாழக்கிழமைதோறும் இங்கிருந்து உங்கள் ஜெர்மனி கம்பெனிக்குக் கூரியரில் போகும் சாம்பிள் பையில், தோல் துண்டுகளுக்கு நடுவே இதை வைக்கிறேன். சாம்பிள் ரூம் கௌசர்தான் பையைக் கட்டுகிறாள். "இன்னாக்கா, புருசனுக்கு லெட்டரா? போன்ல பேசினா ஆவாதா?" என்றாள். ஆகாது என்றேன்.

மூன்று வாரம் முன்பு உங்கள் கம்பெனியிலிருந்து முதலாளி கலீமுல்லாவுக்கு மெயில் வந்தது. மெயிலையும் ஃபைலையும் பிறர் படிக்காமல் மூடும் இன்றைய ரகசியப் பூட்டுகளையெல்லாம் குவாண்டம் கம்ப்யூட்டர் உடைத்துவிடுமாம், அது வந்தாலும் திறக்க முடியாத புதிய பூட்டுகளுக்கு சப்ளையர்கள் எல்லோரும் மாற வேண்டுமாம். செப்டம்பருக்குள் தயாராகாதவர்களுக்குக் குளிர்கால ஆர்டர் கிடையாது. சரி, கேட்கட்டும், அவர்கள் வாங்குகிறவர்கள். ஆனால் கூடவே ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். அதில் நம் கம்பெனியின் ஓட்டைகள். ஏற்றுமதிக் காகிதங்களில் கையெழுத்துப் போடும் முதலாளியின் டிஜிட்டல் டோக்கன், பென் டிரைவ் மாதிரி இருக்குமே அது, கஸ்டம்ஸ் வேலையைப் பார்க்கும் சென்னை கிளியரிங் ஏஜெண்ட் ஆதிகேசவன் ஆபீசில் ஆணியில் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறது. அதைத் திறக்கும் ரகசிய நம்பர் டோக்கன் மேலேயே மார்க்கரில் எழுதியிருக்கிறது என்றும், நாம் அனுப்பும் எல்லா மெயிலுக்கும் ஏஜெண்டுக்கு ஒரு காப்பி போகிறது என்றும் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆதிகேசவனுக்குத் தெரியும். ராத்திரி சாப்பாட்டில் நான் சொல்லிச் சிரித்ததால் உங்களுக்கும் தெரியும். ஜெர்மனிக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

முதலாளி அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்து, "சிஸ்டம்ஸ் மேனேஜரு நீ. நம்ம வூட்டு ஆணிய பத்தி அவன் சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?" என்றார்.

இந்த ஆர்டர் போனால், போன வருடம் தொடங்கிய தையல் லைனை மூடிவிடுவார். அணைக்கட்டு ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் அத்தனை பேரும் அந்த லைனில்தான் இருக்கிறார்கள். மூட விடமாட்டேன். செப்டம்பருக்குள் செய்து காட்டுகிறேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கிறிஸ்டினா
சிஸ்டம்ஸ் மேனேஜர்


ஆஃபன்பாக்
18 மே 2026

அன்புள்ள கிறிஸ்டி,

கையெழுத்துக்குக் கீழே பதவியைப் போட்டிருக்கிறாய். நானும் 'தோல் தரப் பரிசோதகர்' என்று போட்டுக்கொள்ளலாம். மனசு வரவில்லை.

பையைப் பிரித்தது நான்தான். வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. படிக்கும்வரை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. ஆட்கள் கூட்டம் போட்டார்கள். "ஆம்பூர் கம்பெனியில் பதினைந்து வருடம் தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றும் ஃபினிஷிங் பார்த்தவர் நீங்கள், அங்கே எப்படி வேலை நடக்கிறது?" என்று கேட்டார்கள். சொன்னேன். குறையைச் சொன்னால் சரிசெய்ய ஆள் அனுப்புவார்கள், உனக்கு உதவியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அதை அப்படியே அச்சடித்து முதலாளிக்கு அனுப்புவார்கள் என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உண்மையைச் சொன்னதற்கா இவ்வளவு கோபம்?

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதே. இந்தப் புதிய பூட்டு விஷயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இன்னும் வரவே இல்லை என்கிறார்கள். வராத திருடனுக்கு இன்றைக்கே எதற்குப் பூட்டு மாற்றுவது?

அவர்கள் முதல் சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார்கள். உங்களுக்கு லீவு நாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வாயைத் திறக்கவே யோசனையாக இருக்கிறது.

இங்கே மே மாதத்திலும் குளிர்கிறது. ரொட்டியை வெட்ட ரம்பம் வேண்டும் போலிருக்கிறது.

பிரேம்


ஆம்பூர்
4 ஜூன் 2026, வியாழன்

பிரேம்நாத்துக்கு,

உண்மை சொன்னதற்கெல்லாம் நான் கோபப்படுகிறவள் இல்லை. விடை தப்பு. இன்னும் யோசியுங்கள்.

பூட்டு விஷயம் சொல்கிறேன், முதலாளியிடம் சொன்னதையே. நீங்கள் இங்கே உருவாக்கிய வெள்ளை ஃபினிஷின் ரெசிபியை, ரசாயனச் சோதனைக்கு உங்கள் கம்பெனி கேட்பதால், நாம் மெயிலில் பூட்டித்தான் அனுப்புகிறோம். வழியில் ஒருவன் அதை எடுத்தால் இன்றைக்குத் திறக்க முடியாது. ஆனால் எடுத்தவன் தூக்கிப் போட வேண்டியதில்லையே. பத்திரமாக வைத்துக்கொள்வான். பத்து வருடம் கழித்துக் குவாண்டம் கம்ப்யூட்டர் வந்ததும் திறப்பான். திருடன் வரவில்லை என்பது சரி. மூட்டை ஏற்கனவே அவன் வீட்டில் இருக்கலாம். அதனால்தான் இப்போதே மாற்ற வேண்டும். இன்றைய விலைப்பட்டியல் பத்து வருடம் கழித்து யாருக்கும் வேண்டாம். எது அத்தனை காலம் ரகசியமாக இருக்க வேண்டுமோ அதை முதலில் மாற்றுவதுதான் வழி.

முதலாளி முதலில் நம்பவில்லை. "இன்னாம்மா இது, வேலை கம்மியா இருக்குதா உனக்கு? பத்து வருசம் கழிச்சி எவன் கேக்கப்போறான்?" என்றார். நான் ஷெல்ஃபில் இருந்து, நீங்கள் முதல் முதலாகச் செய்த அந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இத்தனை வருடம் ஜன்னல் வெயிலில் கிடந்தும் மஞ்சளாகாத வெள்ளை. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் இருக்கேனோ இல்லியோ, இது நம்மகிட்டயே இருக்கணும். இன்னா வேணுமோ செய்" என்றார்.

அதிலிருந்து வேலை ஓடுகிறது. கம்பெனியில் எங்கெங்கே பூட்டு இருக்கிறது என்று தேடினேன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. மெயில், பேங்க், சிசிடிவி, வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நான் நுழையும் வழி. தோல் வெட்டும் மெஷினுக்கு அதை விற்ற இத்தாலிக்காரன் தூரத்திலிருந்தே இன்டர்நெட் வழியே உள்ளே வர ஒரு வழி வைத்திருக்கிறான், அது இதுவரை நமக்கே தெரியாது. அந்த மெஷினின் கம்ப்யூட்டர் கிழடு. புதிய பூட்டு அதற்கு ஏறாது. அதை மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து தனியாக ஒதுக்கி, இணைப்பு நுழையும் வாசலில் புதிய பூட்டோடு ஒரு பெட்டியைக் காவலுக்கு வைத்துவிட்டேன்.

டோக்கனை வாங்க நானே சென்னை போனேன். ஆணியில் பதினோரு கம்பெனி டோக்கன் மாலை மாதிரி தொங்குகிறது! ஆதிகேசவன் பதறிவிட்டார். "மேடம், இருவது வருச பழக்கம். என் மேல நம்பிக்கை இல்லியா?" என்றார். உங்கள் மேல் இருக்கிறது, ஆணி மேல் இல்லை என்றேன். அந்தக் கையெழுத்தின் பூட்டு அரசாங்கம் மாற்றும்போதுதான் மாறும். அதுவரை டோக்கன் முதலாளியின் பீரோவில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சோதனையாம்! இது ஆம்பூர் என்று அவர்களுக்குச் சொல்லவில்லையா? நம் கம்பெனிக்கு ஜும்மா நாளான வெள்ளிதான் லீவு. ஞாயிறு முழு ப்ரொடக்‌ஷன். சர்ச்சில் காலையின் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு நான் வேலைக்கு ஓடுவது பதினைந்து வருடம் கூடவே ஓடிய உங்களுக்குத் தெரியாதா? சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறீர்கள், மூட வேண்டிய இடத்தில் திறக்கிறீர்கள்.

சோதனை வெள்ளிக்கிழமை.

கிறிஸ்டினா


ஆஃபன்பாக்
16 ஜூன் 2026

அன்புள்ள கிறிஸ்டி,

பதவியை எடுத்துவிட்டாய். நன்றி.

மூட்டை திருடன் வீட்டில் இருக்கலாம் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு ரெண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வெள்ளைக்காக எத்தனை தோலை வீணாக்கினேன் என்று உனக்குத் தெரியும். முதலாளியே ஒரு கட்டத்தில் "வுட்றா பிரேம், வெள்ளைன்னா மஞ்சளாவத்தான் செய்யும்" என்றார். விடவில்லை. வேலையை விட்டு இங்கே வந்துவிட்டாலும் அது என்னுடையதுதான். அதை நீ காப்பாற்றப் பார்க்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து மற்றவர்கள் அனுப்பும் தோலில் கீறல் தேடிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உன் கோபத்துக்கு இன்னொரு காரணம் யோசித்தேன். முதலாளி முன்னால் உனக்குத் தலைகுனிவு ஆகிவிட்டது. அதுதானே?

வெள்ளிக்கிழமைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஜூலை 31. அதற்கு முன் தங்கள் புதிய சாவியை உனக்கு மெயிலில் அனுப்புவார்களாம். நீ அந்தச் சாவியால் ரெசிபியைப் பூட்டி அனுப்பினால், அவர்களால் மட்டும்தான் திறக்க முடியுமாம். அது அவர்கள் சாவிதான் என்று சரிபார்க்க ஓர் அடையாள எண் உண்டு, அதையும் அதே மெயிலில் போட்டுவிடுவோம் என்றார்கள். இந்த முறை நான் தலையாட்டவில்லை. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிரேம்


ஆம்பூர்
9 ஜூலை 2026, வியாழன்

பிரேமுக்கு,

தலைகுனிவா? எனக்கா? அடுத்த நாளே நிமிர்ந்துவிட்டேன். இதுவும் தப்பு.

ஆனால் அவர்களிடம் தலையாட்டாமல் வந்தீர்களே, அது நல்ல காரியம். சாவியும் அதன் அடையாளமும் ஒரே மெயிலில் வந்தால், பொய் மெயில் அனுப்புகிறவன் ரெண்டையும் சேர்த்தே அனுப்பமாட்டானா? மாப்பிள்ளை யாரென்று மாப்பிள்ளையிடமே விசாரிக்கிற மாதிரி. அடையாளம் வேறு வழியில் வர வேண்டும். போனில் கேட்கலாம் என்றால், இப்போது குரலையும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள்.

யோசித்துக்கொண்டே சாம்பிள் ரூமில் நின்றேன். கௌசர் கலர் சாம்பிளுக்கு சீல் போட்டுக்கொண்டிருந்தாள். நம் வழக்கம்தான். துண்டின் நடுவே கையெழுத்துப் போட்டு, கையெழுத்தின் குறுக்கே வளைத்து வெட்டி, பாதி வாங்குகிறவருக்கு, பாதி நமக்கு. நாளைக்கு 'இது நான் ஒத்துக்கொண்ட கலர் இல்லை' என்று யாராவது தகராறு செய்தால் ரெண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வேறு துண்டைக் கொண்டுவந்தால் சேராது. எத்தனை வருடமாக இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேறு எங்கேயோ தேடியிருக்கிறேன்!

இதோடு பாதி வெள்ளைத் தோல் வைத்திருக்கிறேன். நடுவில் என் கையெழுத்து, பாதி உங்களிடம், மீதிப் பாதி என் டிராயரில். நீங்கள் நேரில் போய் அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தே அந்த அடையாள எண்ணைப் பார்த்து, பேட்ச் நம்பர் அடிக்கும் மெஷினில் இதன் பின்பக்கம் அடித்து, சாம்பிள் பையில் திருப்பி அனுப்புங்கள். யாரிடமும் கொடுத்து அடிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே அடியுங்கள்.

கிறிஸ்டினா


ஆஃபன்பாக்
20 ஜூலை 2026

அன்புள்ள கிறிஸ்டி,

அடித்துவிட்டேன். இதோடு இருக்கிறது.

ஐ.டி. தலைவி ஒரு வயதான அம்மா, சிரிக்கவே மாட்டார். விஷயத்தைச் சொன்னதும் தோலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்து, நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எழுத்தும் எண்ணும் கலந்து அறுபத்து நாலு. மெஷினில் அச்சைக் கோர்த்துவிட்டு அவரையும் படிக்கச் சொன்னேன். பிறகுதான் சூடு வைத்தேன். வெள்ளைத் தோல் சூட்டில் கருகும், உனக்குத் தெரியும், அதனால் ரொம்ப மெதுவாக அழுத்தினேன்.

உன் கையெழுத்தில் 'கிறிஸ்' என்னிடம் இருந்தது. அதன் மேல் அச்சு படாமல் பார்த்துக்கொண்டேன்.

தப்பாக அடித்திருப்பேனோ என்று இப்போது வீட்டுக்கு வந்த பிறகு பயமாக இருக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால் என்னைத் திட்டு, எழுதியாவது திட்டு.

பிரேம்


ஆம்பூர்
13 ஆகஸ்ட் 2026, வியாழன்

அன்புள்ள பிரேம்,

பெரிய கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கம்பெனியின் சாவி 22ஆம் தேதியே மெயிலில் வந்துவிட்டது. அடையாள எண்ணும் கூடவே. அதே லோகோ, அதே கையெழுத்து, அதே 'அன்பான வணக்கங்களுடன்'. தோல் வரட்டும் என்று காத்திருந்தேன். பை முப்பதாம் தேதி வியாழன் மாலை வந்தது. மறுநாள் காலை சோதனை. முதலாளி, நான், கௌசர் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். ரெண்டு பாதியையும் சேர்த்தேன். என் கையெழுத்து இம்மி பிசகாமல் ஒட்டியது. திருப்பி, பின்பக்க எண்ணை மெயிலில் வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் படிக்கக் கௌசரிடம் சொன்னேன்.

கௌசர் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். "அக்கா, இது வேற மாதிரி கீதே" என்றாள்.

முழுவதும் வேறு. ஒன்றுகூடச் சேரவில்லை. முதலாளி வேர்த்துப்போனார். "பிரேம் தப்பா அடிச்சிட்டான்மா. இன்னும் ஒரு ராத்திரிதான் கீது. பேஜார் பண்ணாத. மெயில்ல வந்தத போட்டு முடிச்சிடு. ஆர்டர் போச்சின்னா அந்த லைன நான் எப்டி ஓட்றது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அணைக்கட்டு பஸ் அப்போதுதான் கேட்டைத் தாண்டிப் போனது. ஜன்னலில் தெரிந்த முகம் ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும்.

நான் சொன்னேன்: "முதலாளி, அவர் போனில் உளறுவார். கூட்டத்தில் உளறுவார். பதினைந்து வருசத்தில் தோல் மேல ஒரு நம்பரைத் தப்பா அடிச்சிருக்காரா, நீங்களே சொல்லுங்க."

அவர் யோசித்தார். "இல்ல" என்றார்.

மெயில் சாவியைத் தொடவில்லை. சோதனையை நிறுத்திவைத்தேன். உங்கள் ஐ.டி. தலைவிக்கு, பழைய ஒப்பந்தத்தில் இருந்த போன் நம்பரைப் பார்த்து முதலாளியைப் பேசவைத்தேன். மெயிலில் வந்த எண்ணைப் படித்துக் காட்டியதும் அந்த அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். "அது எங்கள் சாவி இல்லை. நாங்கள் இன்னும் அனுப்பவே இல்லை, நாளைக் காலைதான் அனுப்ப இருந்தோம்" என்றாராம்.

தோண்டிப் பார்த்தோம். அனுப்பிய முகவரியில் ஓர் எழுத்து அதிகம். ஆதிகேசவனின் மெயிலை எவனோ பல மாதமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். நாம்தான் எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டிருந்தோமே, டோக்கனை வாங்கிவந்த நான் அதை நிறுத்த மறந்திருந்தேன். சாவி வரப்போகிறது என்று தெரிந்து தன் சாவியை முந்தி அனுப்பிவிட்டான். அந்தச் சாவியால் பூட்டி அனுப்பியிருந்தால், பத்து வருடம் காத்திருக்க வேண்டாம், அன்று மத்தியானமே உங்கள் வெள்ளை அவன் கையில். உலகத்திலேயே பலமான பூட்டைப் போட்டு, சாவியைத் திருடனிடமே வாங்கியிருப்போம்.

சரியான சாவி வந்தது. தோலோடு சேர்த்துப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை சேர்ந்தது. அடுத்த வெள்ளி, ஏழாம் தேதி, சோதனை முடிந்தது. வெள்ளை ரெசிபி புதிய பூட்டில் போய், உங்கள் பக்கம் திறந்து, அவர்கள் திறந்ததாகப் பதிலும் வந்துவிட்டது. ஆதிகேசவன் இனி எந்த மெயிலிலும் இல்லை. பாவம், மனிதர் தன் ஆபீஸ் ஆணியையே பிடுங்கிவிட்டாராம்.

அன்று மாலை உங்களுக்கு ஒரு போன் போட்டு, 'சரியாகத்தான் அடித்தீர்களா' என்று கேட்டிருக்கலாம். முதலாளிகூடச் சொன்னார். கேட்கவில்லை. கோபத்தால் இல்லை. உங்கள் கை அடித்த எண் எனக்குப் போதுமாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கே அழுகை வருகிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

கோபம் மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிறிஸ்டி


ஆஃபன்பாக்
27 ஆகஸ்ட் 2026

என் கிறிஸ்டிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். 'இல்ல' என்று முதலாளி சொன்ன இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

இங்கே உன் பேச்சுதான். சிரிக்கவே மாட்டார் என்று எழுதினேனே, அந்த ஐ.டி. தலைவி சிரித்தார். சப்ளையர்கள் எல்லோருக்கும் இனி அடையாள எண் தோலில்தான் போகுமாம், பாதி வெட்டி. போர்ச்சுகலுக்கும் வியட்நாமுக்கும் அச்சடிக்க நான்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குளிர்கால ஆர்டருக்குக் கையெழுத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்பே முதலாளிக்குச் சேதி வந்திருக்கும்.

நேற்று மறுபடி ஒரு கூட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை கம்பெனிகளுக்கெல்லாம் இந்தப் பூட்டு மாற்றத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேச்சு. "கிறிஸ்டினா என்ன செய்தார், எங்கே தடுமாறினார், நீங்கள் கணவர்தானே, சொல்லுங்கள்" என்றார்கள். வாயைத் திறந்தேன். மூடினேன். "அது அவர் விஷயம். முதலில் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. கிறிஸ்டி, நான் எவ்வளவு மரமண்டை!

நீ கேட்டதற்கு விடையை ஒரு வெள்ளைத் துண்டின் பின்பக்கம் பேனாவால் எழுதி, குறுக்கே வெட்டி, முதல் பாதியை இதோடு வைத்திருக்கிறேன். மீதிப் பாதி என் சட்டைப் பையில். கிறிஸ்துமஸுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள், கொண்டுவருகிறேன். சேர்ந்தால் வீட்டுக்குள் விடு.

பிரேம்


ஆம்பூர்
10 செப்டம்பர் 2026, வியாழன்

அன்புள்ள பிரேம்,

ஆர்டர் சேதி வந்தது. முதலாளி தையல் லைனில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். என் மேஜைக்கு வந்து, "அந்த ஆணிய பத்தி உன்கிட்ட கத்தினேன் பாரு, அத மறந்துடும்மா" என்றார். மறந்துவிட்டேன் என்றேன், பொய்தான். உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்: மற்ற கம்பெனிக்காரர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன், எங்கே தடுமாறினேன் என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நம் கேண்டீனிலேயே வைத்துக்கொள்ளலாம். குடியாத்தத்தில் இருந்து லுங்கி ஏற்றுமதி செய்யும் சாவித்திரியம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அவர் டோக்கன் இன்னும் யாரோ ஒருவர் ஆணியில் தொங்குகிறதாம்.

பையைக் கௌசர்தான் பிரித்தாள். உங்கள் பாதித் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். 'உன்னிடம் முதலில்' என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. "மீதி இன்னாக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியும் என்றேன்.

டிசம்பர் ரொம்ப தூரம். இந்தப் பை உங்கள் கைக்கு வந்து சேர்ந்த பிறகு வருகிற முதல் வெள்ளிக்கிழமை லீவில் வீட்டில்தான் இருப்பேன். காலையில் கூப்பிடுங்கள். எடுக்கிறேன்.

உங்கள்
கிறிஸ்டி